தாய்வழி வந்த கோலம்

(தீபாவளித் திருநாள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

ஐப்பசித் திங்களின் தேய்பிறை இறுதியில், வைகறைப் பொழுதில், பாவாபுரியில் மகாவீரர் வீடுபேறு எய்தினார். மரபுவழிக் கணக்கில் அவ்வாண்டு கி.மு. 527 ஆகும். அறிவொளி மறைந்த அந்நாளில் தேவர்கள் விளக்கேற்றிப் பாவாநகரை ஒளிரச் செய்தனர் என்றும், அன்றுமுதல் ஆண்டுதோறும் தீப வரிசை வைத்து மக்கள் வழிபடுகின்றனர் என்றும் கி.பி. 783-இல் ஜினசேனர் நிறைவு செய்த அரிவம்ச புராணம் உரைக்கின்றது. தீபாவளியன்று சமணர் இல்லம் அணிசெய்யப்படுவதன் காரணம் இதுவே.

காரணத்தை நூல் சொல்லிற்று. எவ்வாறு அணிசெய்வது என்பதைச் சொன்னவர் தாய். மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், அன்னையிடமிருந்து மகளுக்கும் ஏட்டில் ஏறாமலே இறங்கி வந்த கல்வி அது. அக்கல்வியின் சாரம் எது என்பதே இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

குந்தகுந்தரின் திருவடிகள் விளங்கும் பொன்னூர் மலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஒரு தாயின் வழக்கத்தைச் சான்றாகக் கொள்ளலாம். தீபாவளி வைகறையில் அவர் முதலில் எடுப்பது கோலமாவு அன்று, பூந்துடைப்பம். ஈர்க்குத் துடைப்பம் எறும்பை நசுக்கும் என்பதால் மெல்லிய துடைப்பத்தால் வாயிலைப் பெருக்குவார். துணியில் வடிகட்டிய நீரையே தெளிப்பார். அதன் பின்னரே கோலம்.

கோலத்தின் நடுவே சுவத்திகம் எழுதுவார். அதன் நான்கு கரங்கள் தேவர், மக்கள், விலங்கு, நரகர் என்னும் நாற்கதிகள். உயிர் அவற்றில் மாறி மாறிச் சுழல்கின்றது. மேலே வைக்கும் மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். அதற்கும் மேலே இடும் பிறை சித்தசிலை. பிறைமேல் புள்ளி வீடுபெற்ற சித்தர். பிறவிச் சுழலில் தொடங்கி விடுதலையில் முடியும் முழுத் தத்துவமும் இரண்டடி நிலத்தில் அடங்கிவிடுகின்றது. மகாவீரர் வீடுபேற்றின் 2500-ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சமணப் பிரிவினர் அனைவரும் ஏற்றுக்கொண்ட சின்னத்திலும் இவ்வடையாளங்களே இடம்பெற்றன. எழுதப் படிக்கத் தெரியாத அன்னையரும் அவற்றை விரல் நுனியில் வைத்திருந்தனர்.

அந்தத் தாய் இருவகை மாவு வைத்திருந்தார். மக்கள் நடக்கும் வழியில் இடும் கோலத்திற்குக் கல்மாவு. சுவரோரம் இடும் இழைக்கு மட்டும் அரிசிமாவு. அரிசிமாவு எறும்புக்கு உணவாகும் என்பது எல்லாரும் அறிந்தது. அவ்வுணவைத் தேடி வரும் எறும்பு வருவோர் போவோர் காலடியில் மடியும் என்பதை அவர் கூடுதலாக எண்ணினார். ஈகையும் இடம் அறிந்து செய்யப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள், நீர்க்கரை வழியே நடந்தால் நத்தையும் நண்டும் மிதிபடும் என்று கோவலனையும் கண்ணகியையும் எச்சரிக்கின்றார். இளங்கோவடிகள் காவியத்தில் வைத்த அந்த அறத்தை இந்தத் தாய் தம் வாயிலில் வைத்தார்.

ஐப்பசி மழைக்காலம், அந்தியில் விளக்கேற்றினால் ஈசலும் விட்டிலும் சுடரில் வீழும். ஆகவே அவர் பஞ்ச பரமேட்டிகளை நினைந்து ஐந்து அகல்களை வைகறையில் ஏற்றினார். அவற்றையும் திறந்த திண்ணையில் வைக்காமல் மாடத்தில் வைத்தார். மகாவீரர் வீடுபேறு எய்திய பொழுதும் அதுவே என்பதால் வழிபாடும் உயிரோம்பலும் ஒன்றாயின.

மலருக்காக அவர் செடியை நாடவில்லை. முதல்நாள் இரவே பவழமல்லி மரத்தடியில் தூய வெள்ளைத் துணியை விரித்து வைப்பார். விடியலில் மரம் தானே உதிர்த்த பூக்கள் அகல்களைச் சுற்றி அழகு செய்யும். வாயில்களில் தொங்கியவை பருத்தித் துணிகள். ஆரணியும் காஞ்சியும் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். இரண்டையும் சூழச் சமணர் வாழும் ஊர்கள் உள்ளன. எனினும் கூட்டைக் கொதிநீரில் இட்டுப் புழுவைக் கொன்று எடுத்த இழையை அவர் தம் வீட்டு விழாவுக்கு ஏற்கவில்லை.

காலம் மாறிற்று. பிள்ளைகள் சென்னையில் குடியேறினர். தாயும் முதுமையில் அடுக்குமாடி வீட்டிற்கு வந்து சேர்ந்தார். அங்கே வாயில் என்பது நான்கடி நடைபாதை. மருமகள் ஒட்டுக்கோலம் வாங்கி வந்தார். கல்லூரியில் பயிலும் பேத்தி கேட்டாள்: “பாட்டி, ஒட்டுக்கோலத்துக்கு எறும்பே வராதே. யாரும் மிதிச்சுச் சாகாது. அதுதானே பெரிய அகிம்சை?”

கேள்வியில் நியாயம் உண்டு. தாயும் அதை மறுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, “எறும்பு வராத வாசல்லே எறும்பை நினைக்கவே வேண்டியதில்லையே, கண்ணு” என்றார்.

பெரியோர்களே! இந்த ஒரு விடையில் அந்தக் கல்வி முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஒட்டுக்கோலம் எவ்வுயிரையும் கொல்வதில்லை. ஆனால் எவ்வுயிரையும் எண்ணச் செய்வதும் இல்லை. ஒருவர் நாள்தோறும் குனிந்து, நிலத்தைப் பார்த்து, அங்கு ஊர்வது எது என்று கண்டு, பின் கை வைக்கும்போது நிகழும் விழிப்பே அத்தாய் தந்த செல்வம். கோலம் அவ்விழிப்புக்கு ஒரு வாயில்.

ஆகவே இன்றைய இல்லத்தரசியரைக் குறைகூறுவதற்கு இடமில்லை. மண்தரை இல்லாத வீட்டில் பழைய கோலத்தை அப்படியே இடுதல் இயலாது. வேலைக்குச் செல்லும் மகளிருக்கு வைகறை நேரமும் அரிது. வடிவம் மாறலாம். ஒரு தாம்பாளத்தில் அரிசியால் சுவத்திகமும் மும்மணியும் பிறையும் இடலாம். ஐந்து அகலுக்கு இடமில்லையேல் கண்ணாடிக் கூண்டினுள் ஓர் அகல் போதும். மின்விளக்குச் சரத்தை இரவு முழுதும் எரியவிடாமல் அணைத்தலும் பூச்சிகளைக் காக்கும் செயலே. “இந்த அழகால் எவ்வுயிர்க்கேனும் துன்பம் உண்டா?” என்னும் கேள்வி மட்டும் மாறலாகாது. அக்கேள்வி நின்றுபோன வீட்டில் பழைய கோலமே இருந்தாலும் அது வெறும் கோடு. அக்கேள்வி வாழும் வீட்டில் புதிய அலங்காரமும் அறமாகும்.

சிற்றூர்களில் பூட்டிய வீடுகள் பெருகி வருகின்றன. அவ்வீடுகளின் வாயிலில் கோலமிட்ட அன்னையர் பலர் இன்னும் பிள்ளைகளுடன் நகரங்களில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டறியும் காலம் குறுகியது. எந்த மாவு, எந்தப் பூ, எந்தப் பொழுது என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்றும் கேளுங்கள். மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் கற்பியுங்கள். உயிரோம்பல் பெண்டிர்க்கு மட்டும் உரிய நோன்பு அன்று.

வரும் தீபாவளி வைகறையில் வீட்டின் மிக இளைய கையில் கோலமாவைக் கொடுத்து, முதலில் நிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு கோணினாலும் குற்றமில்லை. எறும்பைக் கண்டு அக்கை ஒருகணம் நின்றால், அன்னையர் தந்தது அடுத்த தலைமுறையைச் சென்று சேர்ந்ததாகும்.

அறம் வளர்க! உயிர்கள் இனிது வாழ்க!