ஊர் காண நடத்தல்



சிலப்பதிகாரத்தில் மூன்று காதைகளின் பெயர்களிலே 'காண்' என்ற சொல் வருகின்றது. நாடுகாண் காதை, காடுகாண் காதை, ஊர்காண் காதை என்பன அவை. புகாரிலிருந்து மதுரைக்குக் கால்நடையாகச் சென்ற ஒரு கணவனும் மனைவியும் கண்டவற்றை இளங்கோவடிகள் இவ்வாறு வகுத்துச் சொன்னார். தம்பதியராக நடந்து ஊர் பார்ப்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுப்பழக்கம் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. நாடும் காடும் இருவருக்கும் பொதுவாயின. ஊர் மட்டும் பொதுவாகவில்லை. மதுரையின் புறஞ்சேரியிலே கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் தனியாகவே நகருக்குள் போகிறான். மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணியும் தானியமும் விற்கும் வீதிகள் எல்லாவற்றையும் பார்த்துத் திரும்புகிறான். கண்ணகியோ பின்னர் மாதரியோடு அகழியையும் மதிற்பொறிகளையும் கடந்து ஆயர் மனைக்குப் போய்ச் சேர்கிறாள். மதுரையின் வீதிகளில் அவள் நடந்தது, கணவனை இழந்து, கையிலே சிலம்போடுதான். ஊரைச் சேர்ந்து பார்க்கக் கொடுத்துவைக்காத ஒரு தம்பதியின் கதை என்றும் அக்காப்பியத்தைப் படிக்க இடமுண்டு.

இனி நமது காலத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் விடுமுறை கிடைத்தால் பழைய நகரங்களைப் பார்க்கப் போகிறார்கள். ஆம்ஸ்ரடாமின் கால்வாய்க் கரைகளிலும் ரோமாபுரியின் கல் பாவிய தெருக்களிலும் கணவனும் மனைவியும் கையில் வரைபடத்துடன் காலையிலிருந்து மாலைவரை நடக்கிறார்கள். வாகனம் தோன்றுவதற்கு முன்னர் அமைந்த தெருக்கள் அவை. காலால் நடப்பவர்க்கே அவை தம்மைக் காட்டும்.

அதே தம்பதியர் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் வருகிறார்கள். வந்ததும் ஒரு வான் பிடிக்கப்படுகிறது. காலையிற் கோட்டை, மதியம் கசூரினாக் கடற்கரை, மாலையிற் கீரிமலை. கதவு திறக்கும், படம் எடுப்பார்கள், கதவு மூடும். ஆம்ஸ்ரடாமுக்குக் கொடுத்த காலை நாம் பிறந்த ஊருக்குக் கொடுப்பதில்லை.

இத்தனைக்கும் ஐரோப்பிய நகரமொன்றின் துண்டு நமது பண்ணைக் கடலோரத்திலேயே கிடக்கிறது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அங்கே நாற்சதுரக் கோட்டையொன்றை அமைத்தனர். 1658இல் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகையின் பின் அதைப் பிடித்த ஒல்லாந்தர், ஐந்து மூலைகள் கொண்ட கோட்டையாக மாற்றிக் கட்டினர். கொத்தளங்களுக்குத் தமது நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினர். ஒல்லாந்து, சீலாந்து, ஊட்றெக்ற் என்று அங்கே வாழும் நம்மவர்க்குப் பழகிய பெயர்களே அவை. வெளி அரண்கள் 1792இல் முடிந்தன. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இத்தனை பாடுபட்டுக் கட்டியவர்கள் அதைக் காக்கப் போரிடவே இல்லை.

இவற்றைப் புத்தகத்திலும் படிக்கலாமே என்பீர்கள். உண்மை. ஆனால் மதிலின் அருகே நின்று கையால் தொட்டால்தான் அது முருகைக்கல் என்பது தெரியும். நமது கடல் தந்த கல். பழைய நல்லூர்க் கோயில் 1621இல் இடிக்கப்பட்டபோது அதன் கற்களும் இங்கே வந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உள்ளே 1706ஆம் ஆண்டின் சிலுவை வடிவத் தேவாலயம் போரிலே அழிந்து கற்குவியலாயிற்று. வெளியே வந்தால், 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்டு மீண்டும் எழுந்த நூலகம். அப்பால், 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம். இன்னும் நடந்தால், 1734இல் மீண்டும் எழுந்த நல்லூர்க் கோயில். இடிக்கப்பட்டதும் எழுந்ததுமாகிய நானூறு ஆண்டுக் கதை ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இருவராக நடப்பதில் இன்னொரு பயனும் உண்டு.

"இஞ்சாருங்கோ, றீகல் தியேட்டர் இந்தப் பக்கந்தானே இருந்தது?"

"இல்லையப்பா, இன்னும் கொஞ்சம் அங்காலை."

வானுக்குள் இந்தப் பேச்சு எழாது; எழுந்தாலும் அதற்குள் இடம் கடந்துவிடும். நடந்தால் நின்று வாதாடலாம், எதிரே வரும் பெரியவரைக் கேட்கலாம். அப்போதுதான் ஒரே ஊரில் வளர்ந்த இருவரும் ஒரே ஊரை அறிந்தவர்களல்லர் என்பது தெரியவரும். அவருடைய யாழ்ப்பாணம் சைக்கிளில் திரிந்த யாழ்ப்பாணம். ஒவ்வொரு குச்சொழுங்கையும் தேத்தண்ணிக் கடையும் அவருக்குத் தெரியும். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கோ ஊர் என்பது பள்ளிக்கூடமும் கோயிலும் கஸ்தூரியார் வீதி நகைக்கடையுமாய் இருந்தது. கணவன் நாலடி முன்னே நடக்க மனைவி பின்னே போனதே வழக்கம். கோவலன் கண்ட மதுரை வேறு, கண்ணகி கண்ட மதுரை வேறு என்றது நமக்கும் பொருந்துகிறது.

அவ்விருவரும் சேர்ந்து நடந்த நீண்ட நடை ஒன்று உண்டு, நேயர்களே. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்திலிருந்து தென்மராட்சியை நோக்கி இலட்சக்கணக்கானோர் நடந்த நடை. அன்று கணவன் முன்னே, மனைவி பின்னே என்ற வழக்கம் எடுபடவில்லை. தோளிலே பிள்ளை, தலையிலே மூட்டை, ஒருவர் கையை மற்றவர் விடாமல் நடந்தார்கள். ஆனால் எதையும் பார்ப்பதற்காக நடக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாத நெரிசல் அது.

ஊரை விட்டுப் போவதற்கு அவ்வாறு சேர்ந்து நடந்தவர்கள், ஊரைப் பார்ப்பதற்கு ஒருமுறையாவது சேர்ந்து நடக்கவேண்டாமா? ஒழுங்கைகளின் பழைய பெயர்களையும், எந்த இடத்தில் எது இருந்தது என்பதையும் அறிந்த தலைமுறைக்கு இப்போது முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. அவர்கள் நடந்து காட்டாவிட்டால் பிள்ளைகளுக்கு வானின் கண்ணாடிக்கு வெளியே தெரிவது மட்டுமே யாழ்ப்பாணமாகும்.

ஆகவே அடுத்தமுறை வரும்போது வானைக் கோட்டை வாசலில் அனுப்பிவிடுங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். ஒரு குடையும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும். நல்லூர் வரைக்கும் பக்கத்திலே நடந்து, அவர் அறிந்ததை அவரும், நீங்கள் அறிந்ததை நீங்களும் சொல்லிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் பின்னால் வருவார்கள், கேட்டுக்கொண்டு வருவார்கள்.