பிள்ளையின் கேம் கணக்கு ஏன் அடிக்கடி பூட்டிக்கொள்கிறது?

(நம் சமுதாயக் கூடத்தில் பெற்றோருக்காக நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டதால் இந்தக் காலாண்டு மடலில் தருகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியை விட்டு இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டு டிவியில் வேறு யாரோ விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. நல்லது, அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

விடுமுறை விட்ட நாளிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்கும் லிஃப்டுக்கும் அடுத்தபடியாக வரும் கேள்வி இதுதான்: "பையனுக்கு பிஎஸ்5 வாங்கினோம், தனிக் கணக்கும் போட்டோம், ஆனால் கேம் திறக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?" அதற்குக் குழுவில் யாராவது ஒருவர் உடனே பதில் போடுகிறார்: "உங்க அக்கவுன்ட்லயே விளையாட விடுங்க சார், எல்லாம் ஓபன் ஆயிடும்."

ஆகும்தான். கேம் திறக்கும். கூடவே உங்கள் கார்டு, வயது வந்தோருக்கான கேம்கள், முன்பின் தெரியாதவர்களோடு குரல் அரட்டை, எல்லாமே திறந்துகொள்ளும். வாசல் கதவு இறுகிக்கொண்டது என்று கதவையே கழற்றி வைக்கிற மாதிரி இது. பத்து வயதுப் பிள்ளையை முப்பத்தெட்டு வயது ஆளாகத்தான் அந்த இயந்திரம் நடத்தும். அது அதன் குற்றமில்லை, நாம் அப்படித்தானே சொல்லி வைத்திருக்கிறோம். ஆகவே பிள்ளையின் கணக்கு எதனால் இறுகுகிறது, எங்கே எண்ணெய் விடுவது என்று பார்ப்போம். நம் குடியிருப்பில் அதிகம் இருப்பது பிளேஸ்டேஷன் என்பதால் அதைப் பற்றி நிறையவும், எக்ஸ்பாக்ஸ் பற்றிக் கொஞ்சமும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. எந்தக் கேம் திறக்கவில்லையோ அதே கேமைப் பெரியவர் கணக்கில் ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் இணையத்தின் கோளாறு, அல்லது கம்பெனியின் சர்வர் படுத்திருக்கிறது. பிள்ளையின் அமைப்புகளைத் தொடாதீர்கள், ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பெரியவர் கணக்கில் திறந்து, பிள்ளை கணக்கில் மட்டும் திறக்கவில்லை என்றால்தான் அது அனுமதியின் கோளாறு. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

பிளேஸ்டேஷனில் குடும்பம் என்பது ஒரு பெரியவரின் கணக்கின் மேல் கட்டப்படுகிறது. அவர் குடும்ப மேலாளர். பிள்ளைகளின் கணக்கை அவர்தான் உண்டாக்குகிறார், அவருடைய வாலட்டிலிருந்துதான் பிள்ளையின் செலவும் போகும். இந்த மேலாளர் பொறுப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. இது பலருக்கும் தெரிவதில்லை. ஒரு வீட்டில் அப்பா துபாயில் இருக்கிறார், மேலாளர் அவர். இங்கே பெண் பிள்ளை ஒரு கேமுக்கு அனுமதி கேட்டு அனுப்புகிறாள், அவர் வேலை முடிந்து பார்ப்பதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள். அம்மா பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதற்கு வழி இருக்கிறது. குடும்பத்தில் சேர்க்கப்பட்ட இன்னொரு பெரியவருக்கு 'பேரன்ட் ஆர் கார்டியன்' என்ற நிலையை மேலாளர் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் நேரம், வயது வரம்பு, அனுமதி எல்லாம் அம்மாவின் கைக்கு வந்துவிடும். மேலாளர் தொலைவில் இருக்கிற எல்லா வீட்டிலும் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

அதோடு ஒட்டிய இன்னொன்று, மேலாளர் கணக்கின் மின்னஞ்சல். அலுவலக மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, அந்த அலுவலகத்தை விட்டு வந்தவர்கள் உண்டு. கடவுச்சொல் மறந்தால் மீட்பு அஞ்சல் எங்கே போகும்? பழைய முதலாளியிடம். வெளிநாட்டு சிம் எண்ணை இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குக் கொடுத்துவிட்டு, அந்த சிம்மை விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் இதே கதிதான். உள்ளே நுழைய முடிகிற இப்போதே இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வயது. எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தொல்லை இதில்தான். பிள்ளை தானே கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டு 1998 என்று போட்டிருப்பான். கணக்கு சட்டென்று திறந்துவிடும். பிறகு நீங்கள் குடும்பத்தில் பிள்ளையாகச் சேர்க்கப் போனால், அது அவனைப் பெரியவர் என்று சொல்லும். நேர வரம்பு வைக்க முடியாது, செலவு வரம்பு வைக்க முடியாது. பெரியவர் கணக்கைப் பிள்ளைக் கணக்காக நீங்களாக மாற்ற வழியே இல்லை. புதுக் கணக்குத்தான் தொடங்க வேண்டும், அதற்கு அவன் வாங்கிய டிராஃபிகள் வராது. அழுவான். அவன் அழுவதில் நியாயம் உண்டு, இரண்டு வருட உழைப்பு அது.

பதின்மூன்றுக்குக் கீழே என்றால் தயங்காமல் புதுக் கணக்குத் தொடங்குங்கள் என்பது என் கருத்து. பதினாறு வயதுப் பிள்ளை என்றால் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள், ஒன்றரை வருடத்தில் அவன் எப்படியும் பெரியவன். புதுக் கணக்கு என்று முடிவானாலும் பழைய கணக்கை அழித்துவிடாதீர்கள். அதில் காசு கொடுத்து வாங்கிய கேம்களைப் புதுக் கணக்கிலும் விளையாடலாம். பழைய கணக்கில் நுழைந்து 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' என்பதை இயக்கிவிட்டால், அந்தக் கணக்கின் கேம்கள் அதே கன்சோலில் உள்ள மற்றவர்களுக்கும் திறக்கும். அப்புறம் பழைய கணக்குக்கு ஒரு நுழைவு எண் போட்டு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் படத்தின் மேல் பூட்டுச் சின்னம் தெரிகிறது என்று வருகிற பல புகார்களுக்கும் இந்த ஷேரிங்தான் காரணம். ஒரு கணக்குக்கு ஒரு பிஎஸ்5-இல்தான் இதை இயக்கி வைக்க முடியும். புதுக் கன்சோல் வாங்கியதும் அப்பாவின் கணக்கில் இது பழைய கன்சோலிலேயே இருந்துவிடும். அப்பா விளையாடினால் திறக்கும், பிள்ளை விளையாடினால் பூட்டு. செட்டிங்ஸில் 'யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ்', அதற்குள் 'அதர்' என்பதில் போய் இயக்குங்கள். அதற்குப் பிறகும் பூட்டு போகவில்லை என்றால் அங்கேயே இருக்கும் 'ரெஸ்டோர் லைசென்சஸ்'. அப்பாவிடம் பிஎஸ் பிளஸ் சந்தா இருந்தால் ஆன்லைன் ஆட்டமும் இந்த வழியாகவே பிள்ளைக்குக் கிடைக்கும், இன்னொரு சந்தா வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கின் நாட்டை மாற்ற முடியாது. சிங்கப்பூரில் தொடங்கிய கணக்கு நீங்கள் வேளச்சேரிக்கு வந்தாலும் சிங்கப்பூர்க் கணக்குதான். இங்கே ரூபாயில் வாங்கிய வாலட் கோட் அதில் ஏறாது. கஸ்டமர் கேரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஒன்று அந்த நாட்டுக் கோட் வாங்கிக்கொண்டு பழைய கணக்கிலேயே இருங்கள், அல்லது இந்தியக் கணக்கில் புதுக் குடும்பம் தொடங்கிப் பழைய கேம்களை ஷேரிங் மூலம் விளையாடுங்கள். ஆனால் ஒரு நாட்டுக் கடையில் வாங்கிய கேமுக்கு இன்னொரு நாட்டுக் கடையின் கூடுதல் பகுதிகள் பொருந்தாமல் போகும், அதில் காசை விட்டுவிடாதீர்கள்.

நேர வரம்புக்கு வருவோம். "ஒரு மணி நேரம் என்று வைத்தேன், மூன்று மணி நேரம் விளையாடுகிறான், இந்த வசதியே ஏமாற்று" என்று ஒருவர் சொன்னார். ஏமாற்று இல்லை. நேரம் முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. ஒன்று, அறிவிப்பு மட்டும். மற்றது, வெளியேற்றிவிடுவது. முதலாவது தேர்வாகியிருந்தால் திரையில் ஒரு வரி வந்து போகும், அவ்வளவுதான். அந்த வரியைப் படித்துவிட்டுத் தானாக எழுந்து போகிற பிள்ளை உங்களுக்கு இருந்தால் எனக்கும் காட்டுங்கள். அதே பக்கத்தில் டைம் ஸோன் இருக்கிறது. அது வேறு நாட்டில் இருந்தால் இரவு ஒன்பது மணி என்று நீங்கள் வைத்த எல்லை நம்மூர் ஆறரை மணிக்கே வந்துவிடும், பிள்ளை பாவம் நடு ஆட்டத்தில் வெளியே விழுவான். வெளியேற்றும் முறையை வைத்தால், சேமிக்காத ஆட்டம் போய்விடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்டம் முக்கியமான கட்டத்தில் இருக்கும்போது உங்கள் செல்பேசியிலிருந்தே அன்றைக்கு மட்டும் பதினைந்து நிமிடம் கூட்டிக் கொடுக்கலாம். தாராளமாகக் கொடுங்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் கரண்ட் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

எல்லாவற்றையும் சரியாக வைத்த பிறகும் பிள்ளைகள் நுழைகிற சந்து ஒன்று இருக்கிறது. முகப்பில் புது யூசர் ஒன்றைச் சேர்ப்பது, அல்லது விருந்தினராக நுழைவது. உங்கள் விதிகள் பிள்ளையின் கணக்குக்குத்தானே, விருந்தினருக்கு இல்லையே. 'ஃபேமிலி அண்ட் பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' பகுதியில் கன்சோல் கட்டுப்பாடுகள் என்று தனியாக இருக்கும், அதில் இந்த இரண்டையும் தடை செய்யுங்கள். அது கேட்கும் நான்கு இலக்க எண் கம்பெனியிலிருந்து வரும்போது 0000. அதை மாற்றுங்கள். இதைச் சொன்னபோது பின் வரிசையில் ஒரு பையன் சிரித்தான், ஆகவே உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். உங்கள் சொந்த யூசருக்கும் நுழைவு எண் போடுங்கள், பிறந்த வருடம் வேண்டாம்.

பணம். பிள்ளைக் கணக்கின் மாதச் செலவு வரம்பு ஆரம்பத்தில் பூஜ்யம்தான், நீங்களாக ஏற்றினால்தான் ஏறும். வாங்க முடியவில்லை என்றால் கோளாறு இல்லை, அந்த பூஜ்யம்தான் காரணம். ஓடிபி வரும், பயமில்லை என்கிறீர்கள். ஓடிபி வருகிற செல்பேசியின் பேட்டர்ன் உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? கார்டைச் சேமிக்காமல், கோட் வாங்கி வாலட்டில் ஏற்றி, அதற்கேற்ற வரம்பு வையுங்கள். பிறந்த நாளுக்குத் தாத்தா பாட்டி கொடுக்கிற பணத்துக்கும் இது நல்ல வழி, கணக்கு எழுதவும் பிள்ளை பழகுவான்.

கடைசியாகப் பேச்சு. பிள்ளைக் கணக்கில் அரட்டை தடை செய்யப்பட்டிருந்தால் சி பிளாக் நண்பனோடும் பேச முடியாது. இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் பொறுமை இழந்து தங்கள் கணக்கைக் கொடுக்கிறார்கள். தேவையே இல்லை. குறிப்பிட்ட ஒரு கேமுக்கு மட்டும் பேச அனுமதி வேண்டும் என்று பிள்ளை கன்சோலிலிருந்தே கேட்கலாம், நீங்கள் அதற்கு மட்டும் சரி என்று சொல்லலாம். அதே போல வயது வரம்புக்குச் சற்று மேலே இருக்கிற ஒரு கேமை, பார்த்துவிட்டு, அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். மொத்த வரம்பையும் தூக்க வேண்டாம். இன்னொன்று: ஃபோர்ட்நைட், ராப்லாக்ஸ் போன்றவற்றுக்குக் கன்சோலைத் தாண்டித் தனிக் கணக்கும் தனிப் பெற்றோர் கட்டுப்பாடும் உண்டு. இங்கே திறந்தும் அங்கே பூட்டியிருக்கும், அல்லது இங்கே பூட்டியும் அங்கே திறந்திருக்கும். இரண்டையும் பாருங்கள்.

எக்ஸ்பாக்ஸ் வீடுகளில் எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி மைன்கிராஃப்ட். கேம் திறக்கும், நண்பனின் உலகத்துக்குள் போக முடியாது, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு அமைப்பைப் பாருங்கள் என்று சொல்லும். பிள்ளையின் பிரைவசி அமைப்பில் பலரோடு விளையாடுவதற்கு ஓர் அனுமதி, எக்ஸ்பாக்ஸுக்கு வெளியே உள்ளவர்களோடு விளையாட வேறோர் அனுமதி. நண்பன் பிளேஸ்டேஷனிலோ ஐபேடிலோ இருந்தால் இரண்டாவதும் வேண்டும். மாற்றியபின் பிள்ளையின் கணக்கை வெளியேற்றி மறுபடி நுழையுங்கள், இல்லாவிட்டால் பழைய அமைப்பே ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப்பிலும் அதே பிள்ளைக் கணக்கு இருந்து, எல்லாக் கருவிக்கும் ஒரே அட்டவணை என்று வைத்திருந்தால், ஆன்லைன் வகுப்பு நேரமும் விளையாட்டு நேரத்தில் கழியும். பிள்ளை சத்தியம் பண்ணுகிறாள், நம்புங்கள்.

இத்தனை அனுமதி எதற்கு என்று சலிப்பு வரும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே கேள்விகள் இனி கூடுமே தவிரக் குறையாது. ஒப்புதல் அஞ்சல் உங்கள் பெட்டிக்கு வர வேண்டும், பிள்ளை உண்டாக்கிய பெட்டிக்கு அல்ல.

அடுத்த இரண்டு சனிக்கிழமை மாலையும் ஐந்து முதல் ஏழு வரை நூலக அறையில் இருப்பேன். கன்சோலைத் தூக்கி வர வேண்டாம், செல்பேசியும் மேலாளர் கணக்கின் மின்னஞ்சலும் போதும். கடவுச்சொல்லை என்னிடம் சொல்லாதீர்கள், நீங்களே அடியுங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், எந்த மெனு எங்கே இருக்கிறது என்று அவர்கள்தான் காட்டுவார்கள்.