செவிவழிக் கல்வி



திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42. கல்லாமைக்கு மருந்தாகவே கேள்வியை வள்ளுவர் அடுத்து வைத்தார் எனலாம். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக இங்கிலாந்தில் 1935இல் பேசும் நூல்கள் தோன்றின. இன்றோ, திங்கள்தோறும் கட்டணம் செலுத்துவோர்க்கு ஒலிநூல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பேருந்தில் நின்று செல்பவரும் அடுப்படியில் காய் நறுக்குபவரும் புதினம் கேட்கின்றனர். நூலை விரித்து அமர நேரம் வாய்க்காதவர்க்கு இது பெரும்பேறு.

எனினும், கதை செல்லும் வேகத்தில் கவிதை செல்லாது. நடத்துநர் குரலில் ஓரடி தப்பினால் பாட்டே தப்பிவிடும். கவிதைக்குக் கை ஓய்ந்த நேரம் வேண்டும். ஒரு பாட்டை மும்முறை கேட்டல் வேண்டும். எதுகையும் மோனையும் செவிக்கென்றே பிறந்தவை. ஆதலின் கவிஞர்களே, உங்கள் பாடல்களை உங்கள் குரலிலேயே பதிந்து வையுங்கள்.