வீட்டில் இருக்கும் சீபேப் இயந்திரம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

 

உங்களில் சிலர் வீட்டில், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு நீளமான குழாய் வரும். குழாயின் முனையில் மூக்கின்மீது மாட்டிக்கொள்ளும் மாஸ்க் இருக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்காக மருத்துவர் கொடுத்தது அது. அதன் பெயர் சீபேப். ஆனால் யாராவது கேட்டால், "வீட்டில் சுவாசக் கருவி இருக்கிறது" என்றுதான் சொல்கிறோம்.

நான் சுகாதாரத் தகவல்களைத் தமிழில் எழுதித் தரும் மொழிபெயர்ப்பாளர், மருத்துவர் அல்ல. என் வேலையில் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் சொல் இந்தச் 'சுவாசக் கருவி'தான். சீபேப்புக்கும் அதே பெயர். அதன் உறவுக்காரரான பைபேப்புக்கும் அதே பெயர். ஆக்சிஜன் இயந்திரத்துக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் வென்டிலேட்டருக்கும்கூட அதே பெயர். நான்கும் வேறு வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால், மூச்சு வாங்கும்போது, "அதுதான் வீட்டிலேயே கருவி இருக்கிறதே" என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

சீபேப் என்ன செய்கிறது? அறைக் காற்றை உறிஞ்சி, சற்று அழுத்தத்துடன் உள்ளே அனுப்புகிறது. அவ்வளவுதான். அந்த அழுத்தம் தொண்டைச் சதை சரிந்து வழியை அடைக்காமல் தாங்கிப் பிடிக்கிறது. மூச்சை இழுப்பதும் விடுவதும் நீங்கள்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சலிவன் 1981ல் இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பி வைத்து, காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதச் செய்ததுதான் தொடக்கக் காலக் கருவி. உங்கள் பெட்டிக்குள் சுழல்வதும் அடிப்படையில் அதே யோசனைதான்.

பைபேப் ஒரு படி மேல். மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டும், விடும்போது குறைக்கும். அதனால் களைத்துப்போன நெஞ்சுத் தசைகளுக்கு அது கைகொடுக்கிறது. ஆக்சிஜன் இயந்திரம் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிறது, அழுத்தம் தருவதில்லை. நோயாளியால் மூச்சுவிடவே முடியாதபோது அவருக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்வது வென்டிலேட்டர்.

அப்படியானால், கொவிட்-19 காலத்தில் வீட்டு இயந்திரங்களை மருத்துவமனையில் பயன்படுத்தினார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2020 மார்ச்சில் நியூயார்க் நகரில் வென்டிலேட்டர் போதாமல் போகும் என்ற அச்சம் எழுந்தது. அந்த மாதமே, தூக்கக் கோளாறுக்கான இயந்திரங்களைத் தக்க மாற்றங்களுடன் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வழிவிட்டது. அங்குள்ள மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் மருத்துவர்கள் பைபேப் வகை இயந்திரங்களை வென்டிலேட்டர்போல் வேலை செய்யும்படி மாற்றி அமைத்தார்கள்.

என்ன மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மாஸ்க்கில் சின்னத் துளைகள் இருக்கின்றன அல்லவா? நீங்கள் விடும் மூச்சு அதன் வழியாகத்தான் அறைக்குள் வருகிறது. கிருமி தொற்றியவர் என்றால் அந்தக் காற்றோடு கிருமியும் வரும். அதனால் வெளியேறும் காற்றின் பாதையில் கிருமி வடிகட்டியைப் பொருத்தினார்கள். ஆக்சிஜன் சேர்க்கத் தனி வழி வைத்தார்கள். குழாய் கழன்றால் தாதியருக்குத் தெரியும்படி எச்சரிக்கை ஒலி ஏற்பாடு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு பகலாகப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். பெட்டி வீட்டிலிருந்து வந்த வகைதான். ஆனால் சுற்றியிருந்தது மருத்துவமனை.

அழுத்தக் காற்றுச் சிகிச்சைக்குப் பலன் உண்டு என்பதிலும் சந்தேகமில்லை. பிரிட்டனில் 1,200க்கும் மேற்பட்ட கொவிட்-19 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022 ஜனவரியில் வெளிவந்தது. சாதாரண முறையில் ஆக்சிஜன் பெற்றவர்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கு 30 நாளுக்குள் தொண்டையில் குழாய் செலுத்த வேண்டிவந்தது, அல்லது அவர்கள் இறந்தனர். சீபேப் பெற்றவர்களில் அது சுமார் 36 விழுக்காடு. இதுவும் மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் நடந்ததுதான்.

இனி உங்கள் வீட்டு விஷயம். சளி, காய்ச்சல், கொவிட் வந்தால் சீபேப்பை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். அந்த நாள்களில் முடிந்தால் தனி அறையில் படுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் படுக்க வேண்டாம். மூச்சு வாங்குகிறதே என்று அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழம்புகிறது என்றால் உடனே 995 அழையுங்கள். மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பல ஆண்டு புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களில் சிலருக்குக் கரியமில வாயு உடலில் தேங்கும். காலையில் தலைவலி, பகலில் விடாத தூக்கக்கலக்கம் என்று அது தெரியும். அவர்களுக்குச் சீபேப் போதாமல் போகலாம். ஆக்சிஜனை அளவுக்கு மீறித் திறந்தாலோ நிலைமை மோசமாகலாம். மருத்துவர் எழுதிய அளவுதான் அளவு.

மருத்துவர் சொல்லி ஆக்சிஜனையும் சேர்த்துப் பயன்படுத்துகிறீர்களா? முதலில் சீபேப்பை இயக்குங்கள், பிறகு ஆக்சிஜனைத் திறங்கள். நிறுத்தும்போது ஆக்சிஜனை முதலில் மூடுங்கள். அந்த அறையில் குத்துவிளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சாமி படம் அந்த அறையில்தான் இருக்கிறது என்றால், படத்தை முன்னறைக்கு மாற்றிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

இயந்திரத்தை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியான அழுத்தம் உங்களுக்குச் சரியாக இராது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய இயந்திரத்தையும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். 2021ல் ஒரு பெரிய தயாரிப்பாளர், உள்ளே இருந்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்று பல மில்லியன் இயந்திரங்களை மீட்டுக்கொண்டார். கைமாறி வரும் பெட்டி அவற்றில் ஒன்றா என்று பார்த்தவுடன் தெரியாது.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் இயந்திரம், மாஸ்க், மின்கம்பி மூன்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் தங்கள் கருவியையே பயன்படுத்தலாம்; ஆனாலும் உங்கள் அழுத்தம் என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள். அங்கே போனதும் "சுவாசக் கருவி" என்று சொல்லாமல், சீபேப் என்றோ பைபேப் என்றோ பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.