படியேறும் படகுகள்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில், பிங்லி என்ற ஊரில், லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் ஒரே இடத்தில் சுமார் 18 மீட்டர் உயரம் ஏறுகிறது. படகுகளை ஏற்றிவிடுவது, படிக்கட்டுபோல் அடுத்தடுத்துக் கட்டிய ஐந்து கல்தொட்டிகள். ஜான் லாங்பாதம் திட்டமிட்டார். உள்ளூர்க் கல்தச்சர்கள் கட்டினார்கள். 1774 மார்ச்சில் திறப்புவிழா.

ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்த தொட்டிக்குக் கீழ்க்கதவு. சூட்சுமமும் சிக்கலும் அதில்தான். படகு மேலேற வேண்டுமானால் அடித்தொட்டி காலியாகவும் மற்ற நான்கும் நிரம்பியும் இருக்க வேண்டும். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, மேல்தொட்டி நீரைச் சிறு மதகு வழியே இறக்குவார்கள். இரண்டு மட்டமும் சமமானதும் கதவு திறக்கும். அதற்குமுன் யார் தள்ளினாலும் அசையாது. வரிசை தப்பினால் ஒரு தொட்டி வழியும், இன்னொன்றில் படகு தரைதட்டும். அதனால் கால்வாய்க் காவலர் இல்லாமல் யாரும் கடப்பதில்லை.

மோட்டார் கிடையாது. கதவோடு பிணைத்த நீண்ட உத்தரத்தில் முதுகைச் சாய்த்துத் தள்ளுவதுதான் இன்றும் வழக்கம். சரக்குப் போக்குவரத்து நின்று, இப்போது உல்லாசப் படகுகளே வருகின்றன. கட்டுமானம் முதல்தரப் பாரம்பரியச் சின்னமாகச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. கற்சுவர்கள் நிலைத்திருக்க, நீரில் ஊறும் மரக்கதவுகளை மட்டும் அவ்வப்போது புதிதாகச் செய்து பொருத்துகிறார்கள்.