இடமில்லாத போனும் இடம் கேட்காத செயலியும்

(தாராபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திறன்பேசி உலாவிகளில் வந்துள்ள புதிய வசதிகள் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் கணினி ஆசிரியர் அல்ல, அறிவியல் ஆசிரியை. உங்களைப் போலவே போனைத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவள்தான். எனவே நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

ஏழாம் வகுப்புக்கு மின்னோட்டம் பாடம் நடத்தி முடித்துவிட்டு, ஒரு செயலியின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, "வீட்டில் இதை இறக்கி, இதிலுள்ள வினாடி வினாவை முடித்து வாருங்கள்" என்று சொன்னேன். முப்பத்திரண்டு பேரில் இருபத்தைந்து பேர் முடித்து வந்தார்கள். முடிக்காதவர்களில் ஒரு மாணவி, வழக்கமாக எந்த வேலையையும் தள்ளிப் போடாதவள். முதல் நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாளும் முடிக்கவில்லை என்றபோது வகுப்பின் முன்னால் நிறுத்திக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை; தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் அம்மா என்னைப் பேருந்து நிலையத்தில் பார்த்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வேனில் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவரோடு போய் அவரோடுதான் வரும். அவர் சொன்னது இதுதான்: "டீச்சருங்க, புள்ள மேல தப்பில்லீங்க. ரெண்டு ராத்திரி உக்காந்து ஏத்திப் பாத்தோமுங்க. எடமில்லை எடமில்லைன்னே வருதுங்க. போட்டோவையெல்லாம் அழிச்சா ஏறும்னு புள்ள சொல்லுச்சு. அவிங்கப்பா போட்டோவெல்லாம் இதுலதானுங்க இருக்குது. அவரு போயி ரெண்டு வருசமாச்சுங்க. எனக்கு அழிக்க மனசு வரலீங்க."

நான் அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன். நான் இறக்கச் சொன்ன அதே வினாடி வினா, போனில் ஏற்கெனவே இருந்த உலாவியிலேயே திறந்தது. எதையும் இறக்க வேண்டியிருக்கவில்லை. அரை நிமிட வேலை. எனக்குத் தெரியாமல் போன அந்த அரை நிமிடத்துக்காக ஒரு பிள்ளை வகுப்பின் முன்னால் தலைகுனிந்து நின்றாள். அதன் பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

செயலிக்கும் வலைச்செயலிக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. தையல் இயந்திரத்தை விலைக்கு வாங்கி வீட்டுத் திண்ணையில் போட்டுக்கொள்வது ஒரு வகை. துணியைப் பவர்டேபிளுக்கு அனுப்பித் தைத்து வாங்கிக்கொள்வது இன்னொரு வகை. முதல் வகையில் இயந்திரம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் வீட்டில் இடத்தை அடைத்துக்கொள்ளும். கடையிலிருந்து நாம் போனில் இறக்கும் செயலி அந்த வகை. இரண்டாம் வகையில் வீட்டில் இடம் போகாது. போய்வர வழி மட்டும் திறந்திருக்க வேண்டும். உலாவியில் திறக்கும் வலைச்செயலி இந்த வகை. அந்த வழிதான் நமக்கு இணைய இணைப்பு.

இது நேற்று வந்த சிந்தனை அல்ல. 2007 ஜூனில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது வெளியார் எழுதும் செயலிகளை அதில் ஏற்ற வழியே இல்லை. சஃபாரி உலாவியில் இயங்கும்படி எழுதுங்கள் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் மென்பொருளாளர்களிடம் சொன்னார். அன்றைய உலாவிகளுக்கு அவ்வளவு திறன் இல்லை. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் ஒரு செயலி என்று ஆகிவிட்டது.

அதே காலத்தில் நம் நிலை என்ன? பட்டன் போனில் ஒபேரா மினி வைத்திருந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் வசதியை இயக்கினால், ஒபேராவின் சர்வர் தமிழைப் படமாக மாற்றி அனுப்பும். அப்படித்தான் நம்மில் பலர் போனில் முதன்முதலாகத் தமிழ் படித்தோம். பிறகு ஆண்ட்ராய்டிலேயே தமிழ் எழுத்துரு சேர்ந்தது, கட்டங்கள் மறைந்தன.

உலாவி வளர்ந்த கதையில் ஓர் இந்திய நிகழ்ச்சி முக்கியமானது. 2015இல் பிளிப்கார்ட் நிறுவனம் தன் மொபைல் இணையதளத்தை மூடிவிட்டு, வாங்க விரும்புவோர் செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் 'பிளிப்கார்ட் லைட்' என்ற வலைச்செயலியோடு உலாவிக்கே திரும்பி வந்தது. போனில் இடம் குறைவு, இணைய வேகம் குறைவு என்பதுதான் அன்றைய இந்திய வாடிக்கையாளர் பலரின் நிலை. புதிய வடிவில் மக்கள் செலவிடும் நேரம் பழைய மொபைல் தளத்தைவிட மூன்று மடங்கானது என்று பின்னர் தெரிவித்தார்கள். அதே 2015இல்தான் பிரான்சஸ் பெரிமன் என்ற வடிவமைப்பாளரும் கூகுளில் பணியாற்றிய அலெக்ஸ் ரஸல் என்ற பொறியாளரும் இத்தகைய வலைச்செயலிகளுக்கு 'புரோகிரசிவ் வெப் ஆப்' என்று பெயர் சூட்டினார்கள்.

அப்படி என்ன புதுமை? இணையம் போய்விட்டால் குரோம் உலாவியில் ஒரு டைனோசர் வந்து நிற்கும். நம் பிள்ளைகள் அதைத் தட்டி விளையாடிக்கொண்டிருப்பார்கள். இணைப்பே இல்லாதபோது அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது? உலாவி அதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதுபோல ஒவ்வோர் இணையதளமும் தனக்கு வேண்டியவற்றை உலாவிக்குள் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ள இப்போது வழி உண்டு. 'சர்வீஸ் ஒர்க்கர்' என்ற சிறு நிரல் அந்த வேலையைச் செய்கிறது. ஒருமுறை இணைப்போடு திறந்துவிட்டால், மறுமுறை இணைப்பு இல்லாவிட்டாலும் சேமித்த அளவுக்கு அது இயங்கும். எல்லாத் தளங்களும் அப்படி அமைக்கப்பட்டவை அல்ல. முதல் முறை திறக்க இணையம் கட்டாயம் வேண்டும். உலாவியின் சேமிப்பை அழித்தால் அதுவும் போய்விடும்.

இனிச் செய்து பார்ப்போம். எல்லோரும் போனை எடுங்கள். குரோம் உலாவியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள்.

முதலாவது, 'முகப்புத் திரையில் சேர்' என்ற வரி. தினமும் திறக்கும் தளத்தில் நின்று இதைத் தொட்டால், செயலிபோலவே ஒரு சின்னம் போனின் முகப்பில் வந்து உட்காரும். பிள்ளை ஒவ்வொரு முறையும் முகவரியைத் தட்டித் தேட வேண்டியதில்லை. தேடும்போது தவறான தளத்துக்குப் போய்விடும் ஆபத்தும் குறைகிறது.

இரண்டாவது, அதே பட்டியலின் மேல்வரிசையில் கீழ்நோக்கிய அம்புக்குறி. அதைத் தொட்டால் நீங்கள் பார்க்கும் பக்கம் போனில் பதிவாகும். பள்ளியில் இணைப்பு இருக்கும்போது தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றை இப்படிப் பதிந்துகொண்டு, இணைப்பில்லாத வகுப்பறையில் திறந்து காட்டலாம்.

மூன்றாவது, 'மொழிபெயர்' என்ற வரி. நம் பள்ளிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உதவித்தொகை பற்றிய ஒரு தமிழ்ப் பக்கத்தை அவர்கள் பெற்றோர் இந்தியிலோ ஒடியாவிலோ படித்துக்கொள்ள முடியும். இயந்திர மொழிபெயர்ப்பில் பிழை இருக்கும். தேதியையும் தொகையையும் நாம் வாயால் ஒருமுறை உறுதி செய்துவிட வேண்டும்.

நான்காவது, பக்கத்தைப் படித்துக் காட்டும் வசதி. புதிய குரோமில் 'இந்தப் பக்கத்தைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஆங்கிலப் பத்தியைத் திறந்து இதைத் தொட்டால், படிக்கும் சொற்களை நிறமிட்டுக் காட்டிக்கொண்டே வாசிக்கும். வேகத்தைக் குறைக்கலாம். வீட்டில் ஆங்கிலம் படித்துக் காட்ட ஆளில்லாத பிள்ளைக்கு இது பெரிய துணை.

அடுத்து, நம் பாடநூல். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டிருப்பதை அறிவீர்கள். அதற்குத் தீக்‌ஷா செயலி கட்டாயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோட்டின் அடியில் பாருங்கள், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். உலாவியில் தீக்‌ஷா இணையதளத்தைத் திறந்து அந்தக் குறியீட்டைத் தட்டினால் அதே பாடப்பொருள் வந்துவிடும். கேமரா சரியில்லாத போனிலும் இது நடக்கும்.

அறிவியல், கணக்கு ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மின்சுற்று, பின்னம், அடர்த்தி என்று தொட்டுத் தொட்டுச் செய்து பார்க்கும் மாதிரிகள் அதில் உள்ளன. பல தமிழிலும் கிடைக்கின்றன. முன்பு ஜாவா, பிளாஷ் என்று தனி மென்பொருள் வேண்டியிருந்ததால் போனில் அவை திறக்காது. 2020 டிசம்பர் 31ஓடு பிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. ஃபெட் குழுவினர் அதற்கு முன்பிருந்தே மாதிரிகளை ஹெச்டிஎம்எல்5 என்ற உலாவி மொழியில் திரும்ப எழுதி வந்தார்கள். அதனால் இன்று அவை சாதாரணப் போனிலும் ஓடுகின்றன. ஒரு மாதிரி முழுவதும் ஒரே கோப்பாக, சில எம்பி அளவில் கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பலாம். பெற்றோர் போனில் குரோமைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் இணையம் இல்லாமலே ஓடும். அனுப்பும் முன் உங்களிடம் உள்ள விலை குறைந்த போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் கையில் இருப்பது அம்மாவின் போன். அதே போனில்தான் வங்கிக் கணக்கும் பணப்பரிமாற்றச் செயலியும் இருக்கின்றன. ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தக் கற்றுக்கொடுங்கள். தெரியாமல் அனுமதித்த பிறகுதான் பரிசு விழுந்தது, கடன் தருகிறோம் என்று செய்திகள் வரிசைகட்டும். ஏற்கெனவே அனுமதித்திருந்தால் உலாவியின் 'தள அமைப்புகள்' பகுதிக்குப் போய் நீக்கலாம். இருப்பிடம், கேமரா, மைக் ஆகியவற்றையும் அங்கேயே பார்த்துச் சரிசெய்யலாம். முகவரிக்கு அருகில் பூட்டுக்குறி இருந்தால் நம்பலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பழக்கம்தான் காக்கும்.

நமக்கும் ஒன்று. உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் எமிஸ் தளத்துக்குள் நுழையும்போது 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' என்று உலாவி கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடுகிறோம். பலர் உட்காரும் கணினியில் அதைச் செய்யவே கூடாது. அங்கே மறைநிலைச் சாளரத்தைத் திறந்து வேலையை முடித்துவிட்டு மூடுவதே பாதுகாப்பு.

செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் பயன்படுத்துவதற்கும், வலுவான இணைப்பில்லாத ஊரில் அதிக வேலை செய்வதற்கும் செயலிதான் ஏற்றது. பிள்ளைகளுக்கு ஒன்றை அனுப்பும் முன் மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்ளலாம் என்கிறேன். இதை இறக்காமல் உலாவியில் திறக்க முடியுமா? ராத்திரி ஒன்பது மணிக்குக் கைக்கு வரும் போனில், அரை மணி நேரத்தில் இது முடியுமா? முடியாத பிள்ளைக்கு மாற்று வழியாகத் தாளில் ஒன்று வைத்திருக்கிறேனா?

அந்த மாணவி அன்று இரவே வினாடி வினாவை முடித்துவிட்டாள். மறுநாள் காலை, முடிக்காமல் இருந்த மற்ற ஆறு பேரையும் அழைத்து விசாரித்தேன். நான்கு வீடுகளில் இதே இடமில்லாத கதை. இரண்டு வீடுகளில் போனே இல்லை. அவர்களுக்கு எந்த உலாவியும் உதவாது. பள்ளி ஆய்வகத்தில் மதிய இடைவேளையில் நேரம் ஒதுக்கினேன். அந்தப் பெண்ணை வகுப்பின் முன்னால் நிறுத்திக் கேட்டவள் நான். ஆகவே அதே வகுப்பின் முன்னால் நின்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். வீட்டுப்பாடம் ஏன் முடியவில்லை என்று பிள்ளையைக் கேட்பதற்கு முன், அந்த வீட்டுப் போன் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும். நான் கற்றுக்கொண்டது அதுதான்.

உங்களில் யாருக்காவது முகப்புத் திரையில் சின்னம் வரவில்லை என்றால் தேநீர் இடைவேளையில் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.