பிள்ளைக் காம்பராவும் வட்ஸ்அப்பும்

கலஹா, தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களின் பக்கம் விடியற்காலையில் பாருங்கள். தூங்கி வழியும் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, அம்மா மலைக்கு ஓடுவார். ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று அதன் பலகை சொல்கிறது. லயத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?

இந்த அம்மாவைப் பிள்ளை வளர்ப்பு வகுப்புக்குக் கூப்பிட்டால், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அப்படியானால் வகுப்புதான் வீடு தேடி வர வேண்டும். இலங்கையில் அது புதிதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் பல தலைமுறையாகப் படியேறி வருகிறார்.

வகுப்பில் சொல்ல வேண்டியதும் தயாராகவே இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து, பெற்றோருக்கான யோசனைகளை எளிய ஒற்றைத் தாள்களாக்கின. அவை 100க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயின. முதல் யோசனை: ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக 20 நிமிடமாவது இருங்கள்.

இந்த யோசனைகளை வட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பலாம். ஆனால் போன் பெரும்பாலும் அப்பாவின் சட்டைப் பையில்! அதுவும் நல்லதுதான், அவரும் கேட்கட்டும்.

அந்த 20 நிமிடத்துக்கு எங்கே போவது? மாலையில் ரொட்டிக்கு மாப் பிசையும்போது, ஒரு சின்ன உருண்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, “நீ ஒன்று தட்டு, பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள்.